ஆளிவிதை எண்ணெயில் ஒரு பொய்!

டிர்ர்ர்ர்... டிர்ர்ர்ர்...

டேஸ்டிங் ரூமில் டெலிபோன் அலறியது.

அங்கே சத்தம் கூடாது. கம்பெனியின் சட்டம் அது. சத்தம் மட்டுமல்ல, சென்ட் கூடாது, பவுடர் கூடாது, சோப்பில்கூட வாசனை கூடாது. எண்ணெயின் வாசனையைத் தவிர அந்த அறைக்குள் வேறு எந்த வாசனைக்கும் அனுமதி இல்லை.

மேஜையின் இந்தப் பக்கம் அவள். கம்பெனியில் அவளுக்கு 'மூக்கு மேடம்' என்று பெயர். எதிர்ப்பக்கம் 'கண்ணாடி' என்று எல்லோரும் அழைக்கிற ஐம்பது வயது மனிதர். தடித்த கண்ணாடி. தடித்த புருவம். இரண்டு பேர் முகர்ந்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எண்ணெய் பாட்டிலுக்குள் போகும்.

எண்ணெயின் நிறம் கண்ணை ஏமாற்றிவிடக் கூடாதென்று நீலக் கண்ணாடிக் கிண்ணம். அதன் மேல் மூடி. அவள் மூடியைத் தூக்கினாள். மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடினாள். ஆழ்ந்து இழுத்தாள்.

ஒன்றுமில்லை.

எள்ளா, சூரியகாந்தியா, பூசணி விதையா... ஒரு மண்ணும் தெரியவில்லை! வெறும் காற்று.

மெல்லக் கண்ணைத் திறந்து எதிரே பார்த்தாள். கண்ணாடியின் புருவம் சுருங்கவில்லை. அப்படியென்றால் எண்ணெய் நன்றாக இருக்கிறது! தலையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார். அவர் எப்போதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மரியாதை தெரிந்த மனிதர்.

டிர்ர்ர்ர்...!

எடுத்தாள்.

"நான்தான்..." கணவனின் குரல். அச்சகத்தில் நாள் முழுக்க இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரல், இப்போது கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உடனே ஆஸ்பத்திரிக்கு வா."

"என்னாச்சுங்க?"

"தங்கச்சி... கிச்சன்ல விழுந்து கிடந்தா. பேச்சு மூச்சில்லை."

"ஐயையோ! எப்படிங்க?"

"தெரியலை. கைல ஸ்பூன். தட்டுல பாதி சாப்பிட்ட காய்கறி. பக்கத்துல நீ கொண்டுவந்து கொடுத்த எண்ணெய் பாட்டில்..."

அவன் கொஞ்சம் தயங்கினான்.

"ஏம்மா... அது நல்ல எண்ணெய்தானே?"

ரிசீவர் அவள் கையிலிருந்து நழுவியது!

* * *

ஆட்டோ ஆஸ்பத்திரியை நோக்கிப் பறந்தது.

போன வாரம். இதே மாதிரி ஒரு காலை. டீச்சரான நாத்தனார் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறது என்று டாக்டர் மிரட்டியிருந்ததால், அண்ணி சொற்படி வேக வைத்த காய்கறி, மேலே ஒரு ஸ்பூன் ஆளிவிதை எண்ணெய்.

"அண்ணி! இந்தப் புது பாட்டில் பெயிண்ட் நாத்தம் அடிக்குது!"

"உனக்கு எதுதான் பிடிச்சிருக்கு? மருந்துகூட மிட்டாயா இருக்கணும்."

"நிஜமா அண்ணி. பெஞ்சுக்குப் புதுசா பாலிஷ் அடிச்ச அன்னைக்கு எங்க ஸ்கூல்ல இதே நாத்தம்தான். நீங்களே முகர்ந்து பாருங்களேன்."

பாட்டில் அவள் மூக்கருகே வந்தது.

அவள் முகர்ந்தாள். வெறும் காற்று.

அந்த நொடியில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'எனக்குத் தெரியலைடி' என்று ஒரே ஒரு வார்த்தை!

சொல்லவில்லை.

"அருமையா இருக்கு! ஆளிவிதைன்னா அப்படித்தான் இருக்கும். பேசாம சாப்பிடு" என்றாள்.

எப்படிச் சொல்வது? பாட்டிலின் லேபிளில் இருப்பது அவளுடைய மூக்கு. முதலாளி ஓவியரை வரவழைத்து வரைந்து வாங்கிய படம். 'இந்த மூக்கு சொன்னால் சரி!' என்று கீழே எழுத்து. அந்த மூக்கு, மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து செத்துக் கிடக்கிறது. சோறு தீய்வது தெரியவில்லை. கணவனின் சட்டையில் வழக்கமாக வரும் அச்சு மை வாசனை தெரியவில்லை. 'போகப் போகத் திரும்பி வரும்' என்று ஒரு டாக்டர் சொன்னார். வரவில்லை. அவளும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

கண் தெரியாத ஓட்டுநர் தினமும் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போன மாதிரிதான்!

ஆட்டோ நின்றது.

* * *

ஆஸ்பத்திரி வராந்தா. பச்சை வர்ணம் பூசிய பெஞ்ச். அதில் கணவன் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் வெளியே வந்தார். இளைஞர். கண்ணில் தூக்கம்.

"வயித்தைக் கழுவியிருக்கோம். இன்னும் நினைவு வரலை. பாட்டிலை லேபுக்கு அனுப்பினேன். அது சாப்பாட்டு எண்ணெயே இல்லை."

"பின்னே?" என்றான் கணவன்.

"மரச்சாமான் பளபளக்கப் பூசற பாலிஷ் எண்ணெய். ஆளிவிதையிலேர்ந்துதான் எடுக்கறாங்க. ஆனா சீக்கிரம் காயறதுக்காக உலோக உப்பெல்லாம் சேர்ப்பாங்க. உள்ளே போனா விஷம்!"

"சரியாச் சொன்னீங்க டாக்டர்..."

பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் திரும்பினார்கள்.

இன்ஸ்பெக்டர்! தொப்பை முன்னே வர, அவர் பின்னே வந்தார். கூடவே ஒல்லியாக ஓர் ஏட்டு.

"நீங்கதானே அந்த மூக்கு? லேபிள்ல பார்த்ததைவிட நேர்ல சின்னதா இருக்கு" என்றார். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்ச் முனகியது. "எனக்கும் கொலஸ்ட்ரால்தாம்மா. எங்க டாக்டரும் ஆளிவிதை எண்ணெயைத்தான் சொல்றார். ஒரு சந்தேகம்... அதுல முட்டை பொரிக்கலாமா?"

"ஐயோ, கூடாது சார்!" அவளை அறியாமல் வார்த்தை வந்தது. "அடுப்புலயே வைக்கக் கூடாது. சூடு பட்டா சத்தும் போயிடும், கசப்பும் ஏறிடும். சமைச்சு இறக்கினப்புறம் மேல ஊத்திக்கணும்."

"எது மேல?"

"வெந்த காய்கறி, சூப், சாலட்... தயிர்ல கலந்துக்கலாம். எலுமிச்சை பிழிஞ்சு மிளகுத்தூள் போட்டா ரொட்டிக்குத் தொட்டுக்கலாம். மீன்ல இருக்கற நல்ல கொழுப்புக்கு இது ஒண்ணுவிட்ட சொந்தம் சார். மீன் சாப்பிடாதவங்களுக்கு ரொம்ப நல்லது. ஆனா ஒரு ஸ்பூனோட நிறுத்தணும். எண்ணெய் எண்ணெய்தான். உடம்பு வைக்கும்."

இன்ஸ்பெக்டர் தன் தொப்பையை ஒரு முறை வருத்தத்தோடு பார்த்துக்கொண்டார்.

"எங்கே வைக்கணும்?"

"ஃபிரிட்ஜ்ல. வெளிச்சமும் ஆகாது, அதனாலதான் கறுப்பு பாட்டில். சீக்கிரம் கெட்டுப் போயிடும்."

"கெட்டுப் போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"வாசனையிலயே தெரிஞ்சுடும் சார்."

"என்ன வாசனை வரும்?"

"பெ..."

அவள் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"சொல்லுங்க மேடம். கொட்டை வறுத்த மாதிரி இருக்கற வாசனை போயி, என்ன வாசனை வரும்?"

"பெயிண்ட்... வாசனை."

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"உங்க நாத்தனார் போன வாரமே 'பெயிண்ட் நாத்தம்'னு சொல்லியிருக்காங்க. நீங்க பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்துட்டு, 'அருமையா இருக்கு, பேசாம சாப்பிடு'ன்னு சொல்லியிருக்கீங்க. உங்க வீட்டுக்காரர்தான் சொன்னார். ஷேவ் பண்ணிக்கிட்டே கேட்டாராம்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

"உங்களுக்கும் நாத்தனாருக்கும் கிச்சன்ல தினம் குருக்ஷேத்திரமாமே? 'நீ எப்போதான் என் கண்ணுலேர்ந்து ஒழிவியோ'ன்னு நீங்க கத்தினது மாடி வீட்டுக்காரம்மாவுக்கே கேட்டிருக்கு."

"அது... பாத்திரம் கழுவற சண்டை சார்!"

"பெரிய சண்டையெல்லாம் பாத்திரத்துலதான் ஆரம்பிக்குது. வீட்ல எனக்குத் தெரியாததா?" இன்ஸ்பெக்டரின் சிரிப்பு காணாமல் போனது. "ஆயிரம் சொட்டுல ஒரு சொட்டு தப்பா இருந்தாலும் கண்டுபிடிக்கற மூக்கு. அதுக்கு முன்னாடி ஒரு பாட்டில் வார்னிஷை நீட்டினா, 'அருமை'ங்குது. ஏன்? கலந்ததே நீங்கதான்! வேற காரணம் ஏதாவது இருந்தா சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

காரணம் இருந்தது.

ஒரே ஒரு காரணம். அதைச் சொன்னால் கொலைகாரி இல்லை என்று ஆகலாம். ஆனால் பித்தலாட்டக்காரி என்று ஆகிவிடும். இத்தனை மாதமாக முகராத எண்ணெய்க்கெல்லாம் கையெழுத்துப் போட்டவள். வீட்டில், தெருவில், கம்பெனியில், அந்த லேபிளைப் பார்க்கிற அத்தனை பேர் முகத்திலும்... சே!

அவள் வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

"ஏதாவது பேசும்மா!" கணவன் எழுந்து நின்று கெஞ்சினான். "நீ பண்ணலைன்னு எனக்குத் தெரியும். அப்போ ஏன் அப்படிச் சொன்னே? அதை மட்டும் சொல்லிடு!"

அவள் தலை இன்னும் குனிந்தது.

"ஏட்டு, ஜீப்பை எடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

* * *

ஜீப் கடைத்தெருவில் ஊர்ந்தது. முன்னால் ஒரு லாரி சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. ஏட்டு ஹாரனை அடித்தார். லாரி அசையவில்லை.

அவள் கண் பக்கத்துக் கடைமேல் விழுந்தது.

கடைக் கண்ணாடிக்குப் பின்னால், புதிதாக வந்திறங்கிய கறுப்பு பாட்டில்கள் கோபுரமாய் அடுக்கியிருந்தன. பாட்டிலுக்குப் பாட்டில் அவள் மூக்கு!

அவளுக்குச் சுரீர் என்றது.

இன்ஸ்பெக்டர் என்ன நினைக்கிறார்? அவள் ஒரு பாட்டிலில் விஷம் கலந்தாள் என்று நினைக்கிறார். ஆனால் அவள் கலக்கவில்லையே! பாட்டில் கம்பெனியிலிருந்து சீல் உடைக்காமல் வந்தது. அப்படியென்றால்... விஷம் ஒரு பாட்டிலில் இல்லை. அத்தனையிலும் இருக்கிறது!

இது இந்த உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வாய் மூடியிருக்கும்வரை யாரும் எதையும் நிறுத்தப் போவதில்லை.

கடைக்குள் ஒரு பெண். இடுப்பில் குழந்தை. கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். லேபிளில் இருந்த மூக்கைக் குழந்தைக்குக் காட்டினாள். குழந்தை தன் மூக்கைத் தொட்டுச் சிரித்தது.

"நிறுத்துங்க!"

"வண்டி நின்னுக்கிட்டுதாம்மா இருக்கு" என்றார் ஏட்டு.

அவர் முடிக்கும் முன்பே அவள் குதித்துவிட்டாள்!

"ஏய்! பிடி!" இன்ஸ்பெக்டரின் தொப்பை ஜீப் கதவில் மாட்டிக்கொண்டது.

அவள் கடைக்குள் பாய்ந்தாள். அந்தப் பெண்ணின் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினாள்.

"என்னங்க இது அராஜகம்!"

"இதை வாங்காதீங்க! யாரும் வாங்காதீங்க! இது விஷம்!"

கல்லாவில் இருந்தவர் எழுந்தார். "யாரும்மா நீ? பட்டப்பகல்ல வியாபாரத்தைக் கெடுக்கறியே! பாட்டில்ல பாரு, அந்த மூக்கு சொல்லியிருக்கு, சுத்தமானதுன்னு!"

"அந்த மூக்கே நான்தாங்க!"

கூட்டம் கூடிவிட்டது. வாசலை அடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் ஏட்டு.

அவள் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். முகம் தணலாய்க் கொதித்தது.

"எனக்கு வாசனை தெரியாது" என்றாள்.

"என்னது?"

"எனக்கு வாசனையே தெரியாது சார்! காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே தெரியலை. வெட்கப்பட்டுக்கிட்டு மறைச்சுட்டேன். எதிர்ல இருக்கறவர் முகத்தைப் பார்த்து, அவர் நல்லாயிருக்குன்னா நானும் நல்லாயிருக்குன்னு கையெழுத்துப் போட்டேன். நாத்தனார் கேட்டப்பவும் மானம் போயிடுமேன்னுதான் பொய் சொன்னேன். நான் எதையும் கலக்கலை. ஆனா எல்லா பாட்டிலும் இப்படித்தான் இருக்கும். தயவு பண்ணி ஒண்ணைத் திறந்து பாருங்க!"

குழந்தை வைத்திருந்த பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடப்பாவி!" என்றாள் மெல்ல.

திட்டக்கூட இல்லை. அந்த 'மெல்ல'தான் அவளைக் கொன்றது.

இன்ஸ்பெக்டர் பாட்டிலை வாங்கினார். சீல் அப்படியே இருந்தது. உடைத்தார். மூடியைத் திருகினார்.

அவ்வளவுதான்! கல்லாக்காரர் சட்டையால் மூக்கைப் பொத்தினார். குழந்தை வீல் என்று அழுதது.

"ஏட்டு..." இன்ஸ்பெக்டரின் குரல் மாறியிருந்தது. "கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போடு. எல்லாக் கடையிலேர்ந்தும் இதை எடுக்கச் சொல்லு. ஒரு பாட்டில் வெளியே இருக்கக் கூடாது!"

"இப்பவாவது நம்பறீங்களா சார்?"

"எல்லா பாட்டிலும் விஷம்னு நம்பறேன். உங்க மூக்கு செத்துப் போச்சுங்கறதை நம்பலை. கம்பெனியோட கூட்டுச் சேர்ந்து கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். மாட்டிக்கிட்டதும் மூக்கு மேல பழி! ஏறுங்க வண்டியில."

* * *

டேஸ்டிங் ரூமில் மேஜையருகே கண்ணாடி. வாசலில் முதலாளி பதறிக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டை. நரைத்த தலை. அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்து, 'அம்மாடி' என்று வாய் நிறைய அழைத்தவர்.

"அம்மாடி! என்ன கேள்விப்படறேன்? என் கம்பெனி எண்ணெய்ல விஷமா?"

அவளால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் மேஜையைச் சுற்றி வந்தார். நடுவில் வரிசையாக இருந்த ஆணி ஓட்டைகளை விரலால் தடவினார்.

"இங்க ஒரு தடுப்பு இருந்திருக்கே?"

"ஆமா சார்" என்றாள். "ஒருத்தர் முகம் இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாதுன்னு பலகை வெச்சிருந்தாங்க. நான்தான் காத்து வரலைன்னு சொல்லி எடுக்கச் சொன்னேன். கண்ணாடி சார் முகத்தைப் பார்க்கறதுக்காக."

"இவர் ஒண்ணும் சொல்லலையா?"

"அன்னைக்கு சாயந்திரமே அவரே ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்து கழட்டிட்டார்."

"ஓஹோ!" இன்ஸ்பெக்டர் திரும்பினார். "கண்ணாடி சார்... இந்த எண்ணெய்க்கு நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உங்க மூக்கு?"

"எ... என் மூக்குக்கு என்ன சார்? கல்லு மாதிரி இருக்கு!" நெற்றி வியர்வையில் மூக்குக் கண்ணாடி நழுவியது. "எனக்கு அன்னைக்கே லேசா சந்தேகம். மேடம் நல்லாயிருக்குன்னு தலையை ஆட்டினாங்க. அவங்களை மீறிச் சொல்ல நான் யாரு?"

அவள் துடித்துப்போனாள். "சார்! நீங்களா இப்படி..."

"சண்டை அப்புறம்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஏட்டு! கடையில எடுத்த பாட்டிலை அந்த நீலக் கிண்ணத்துல ஊத்திக் கொண்டு வா. கோர்ட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவை பார்த்துடலாம்."

ஏட்டு உள்ளே போனார். மூடி போட்ட கிண்ணத்தோடு வந்தார். மேஜை நடுவில் வைத்தார். மூடியைத் தூக்கினார்.

"உவ்வே!"

ஏட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

அவள் கை தானாக மேலே போனது. முந்தானை மூக்கை மூடியது. பழக்கம்! இத்தனை மாதப் பழக்கம்! இப்போது நடிக்கத் தேவையில்லை என்று மனதுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

எதிரே கண்ணாடியும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"அப்பப்பா... என்னா பெயிண்ட் நாத்தம் சார்! குடலைப் புரட்டுது!"

முதலாளி மட்டும் புரியாமல் விழித்தார்.

"ஏட்டு" என்றார் இன்ஸ்பெக்டர். "குடிய்யா."

ஏட்டு கிண்ணத்தை எடுத்தார். மடக் மடக் என்று குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி சார். குழாய்த் தண்ணி."

கண்ணாடியின் கைக்குட்டை கீழே விழுந்தது. அவர் மெல்ல நாற்காலியில் சரிந்தார்.

"அப்போ... உங்களுக்கும்?" என்றாள் அவள்.

"அதே காய்ச்சல்தான் மேடம்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் குளமாகியிருந்தன. "ஒரே வாரத்துலதானே ரெண்டு பேரும் லீவு போட்டோம்! பொண்ணு கல்யாணத்தை வெச்சுக்கிட்டு வெளியே சொல்ல முடியலை. நீங்க தடுப்பை எடுக்கலாம்னு சொன்னப்ப சாமியே வந்து வாயைத் திறந்த மாதிரி இருந்துச்சு. உங்க முகத்தைப் பார்த்துத்தான் நான்..."

"நான் உங்க முகத்தைப் பார்த்து..."

"உங்க முகம் எப்பவும் சிரிச்ச முகமா இருக்கும் மேடம். அதனால எல்லாத்தையும் பாஸ் பண்ணிட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. அழுகைக்கு நடுவே பாழாய்ப்போன சிரிப்பும் வந்தது. அதற்காகவும் வெட்கமாக இருந்தது.

முதலாளி மேஜையில் ஓங்கிக் குத்தினார்.

"பார்த்தீங்களா இன்ஸ்பெக்டர்! துரோகிங்க! என் பேரைக் கெடுத்துட்டாங்க! கேன்டீன்ல அன்னைக்கு கேஸ் கசிஞ்சு அத்தனை பேரும் அலறிக்கிட்டு வாசலுக்கு ஓடறோம். இதுங்க ரெண்டும் எதிரெதிர்ல உக்காந்து சாவகாசமா டீ குடிச்சுக்கிட்டிருக்குதுங்க! அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு, ரெண்டு மூக்கும் அவுட்டுன்னு!"

"அன்னைக்கேவா?"

"ஆமா!"

"தெரிஞ்சும் ஏன் சார் வேலையில வெச்சிருந்தீங்க?"

முதலாளி ஓரடி பின்னால் போனார்.

இன்ஸ்பெக்டர் அவர் அருகே போனார். ரொம்ப அருகே. தொப்பையும் தொப்பையும் முட்டின.

"எண்ணெய்க் கம்பெனி நடத்தறவர். ரெண்டு மூக்கும் அவுட்டுன்னு தெரியும். மாத்தலை. ஏன்? எதை ஊத்தினாலும் 'அருமை'ன்னு கையெழுத்துப் போட உலகத்துலயே ரெண்டு பேர்தான் இருக்காங்க. அவங்க உங்ககிட்டயே இருக்காங்க! ஏட்டு, குடோனைத் திற."

குடோனின் பின்சுவரை ஒட்டித் தார்ப்பாய் போட்டு மூடிய டிரம்கள். லேபிள் சுரண்டப்பட்டிருந்தது. ஒன்றில் சுரண்டியவன் அவசரத்தில் பாதியை விட்டிருந்தான். அதில் ஒரு நாற்காலி படம்! பக்கத்தில் 'மரத்திற்கு மட்டும்' என்று எழுத்து.

"ரெண்டும் ஒரே விதைதானே சார்!" முதலாளி உளறினார். "விதை விளைச்சல் இல்லை... ஆர்டர் குவிஞ்சு கிடக்கு... கொஞ்சமா கலந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்..."

"அப்புறம் ஏன் கொஞ்சத்தோட நிறுத்தலை?"

"இவங்கதான் ஒண்ணுமே சொல்லலையே சார்!"

விலங்கு மாட்டும் சத்தம் கேட்டது. க்ளிக்!

அவளைக் கடக்கும்போது முதலாளி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளாலும் முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் அவர்கள் இருவர் பக்கம் திரும்பினார். "கொலை முயற்சி கேஸ்லேர்ந்து நீங்க வெளியே மேடம். ஆனா முகராம கையெழுத்துப் போட்டதுக்கு ரெண்டு பேர் மேலயும் கேஸ் உண்டு. அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"போடுங்க சார்" என்றாள். "அது நான் பண்ணினதுதான்."

* * *

மறுநாள் காலை. ஆஸ்பத்திரி அறை. நாத்தனார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. வாய் மட்டும் பழையபடி திரும்பி வந்திருந்தது.

அவள் கட்டிலருகே போனாள். கணவன் ஜன்னலோரம் நின்றான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "எனக்கு..."

"வாசனை தெரியாது. அதானே?"

"அதுக்குள்ள அண்ணன் சொல்லிட்டாரா?"

"அண்ணனா? அவர் முன்னாடி யானை வந்து நின்னாலும் அவருக்குத் தெரியாது! எனக்கு மூணு மாசமாத் தெரியும் அண்ணி. பால் தீஞ்சு வீடே நாறிக்கிட்டிருந்தப்ப, நீங்க பக்கத்துல நின்னு பாட்டு பாடிக்கிட்டே வெங்காயம் நறுக்கிக்கிட்டிருந்தீங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சேதான் அன்னைக்கு என்னை முகரச் சொன்னியா?"

"வேணும்னுதான் சொன்னேன். 'எனக்குத் தெரியலைடி'ன்னு ஒரு வார்த்தை உங்க வாயிலேர்ந்து வருதான்னு பார்த்தேன். நீங்க என்னடான்னா, 'அருமை'ன்னீங்க! எனக்கும் வீம்பு வந்துடுச்சு. நீங்களா ஒத்துக்கற வரைக்கும் உங்க கண்ணு முன்னாடியே தினம் ஒரு ஸ்பூன் சாப்பிடறதுன்னு!"

"பைத்தியமாடி நீ?"

"கெட்டுப்போன எண்ணெய், மிஞ்சிப் போனா வயித்தைக் கலக்கும்னு நினைச்சேன். வார்னிஷ்னு கனவா கண்டேன்?"

ஒருத்தி மானத்துக்காகப் பொய் சொன்னாள். இன்னொருத்தி வீம்புக்காக விஷம் சாப்பிட்டாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க முடியாமல் இருவரும் போர்வையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னை மன்னிச்சுடும்மா."

"மாட்டேன். முதல்ல வீட்டுக்கு வரேன். பாத்திரச் சண்டை பாதியில நிக்குது." சொல்லிவிட்டு நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் வந்தார். நாடி பார்த்தார். ரிப்போர்ட்டைப் புரட்டினார். புன்னகைத்தார்.

"ஆபத்து தாண்டியாச்சு. ஈரல் தப்பிச்சுடுச்சு, நெஞ்சும் நல்லா இருக்கு. ஆனா ஆளிவிதையே வேணாம்னு வெறுத்துடாதீங்க. அசலான எண்ணெயா வாங்கி, சாலட் மேல ஒரு ஸ்பூன் ஊத்திக்கிட்டா உள்ளே ரத்தக் குழாய்க்கெல்லாம் ரொம்ப நல்லது."

நாத்தனார் வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"வேணாம் டாக்டர். உள்ளே முழுசா பாலிஷ் அடிச்சாச்சு... இன்னும் பத்து வருஷத்துக்குக் கரையான் வராது!"